ஒன்றரை டொலர் முதலில் ஒரு பாடசாலை

"கையில் முதல் இல்லையே!" எந்த முயற்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நம்மவர்களிடமிருந்து முதலில் வரும் பதில் இதுதான். அப்படிச் சொல்பவர்கள் மேரி மெக்லியோட் பெதியூன் என்ற ஆசிரியையின் கதையை அறிந்திருப்பது நல்லது.

இவர் 1875இல் ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளில் இவர் பதினைந்தாமவர். சிறு வயதிலேயே பருத்தி வயலில் வேலை. ஒருநாள் வெள்ளையர் வீடொன்றில் ஆசையோடு ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். வாசிக்கத் தெரியாத உனக்கு இது எதற்கு என்று அந்த வீட்டுச் சிறுமி தடுத்துவிட்டாள். அந்த வார்த்தை மனதில் தைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை திறக்கப்பட்டதும் தினமும் மைல்கணக்கில் நடந்து சென்று படித்தார். மேற்படிப்புக்கு உதவியவர் எங்கோ தொலைவில் தையல் வேலை செய்து வாழ்ந்த, இவரை முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி.

1904 ஒக்டோபர் 3ஆம் திகதி புளோரிடாவின் டேட்டோனாவில் ஒரு வாடகை வீட்டில் பெண் பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். கையிருப்பு ஒன்றரை டொலர். மாணவிகள் ஐவர். பக்கீஸ் பெட்டிகளே மேசை கதிரை. கரித்துண்டு பென்சிலாக, காட்டுப் பழச்சாறு மையாக மாறின. செலவுக்கு வழி? வற்றாளங்கிழங்கில் 'பை' எனும் பலகாரம் சுட்டு, கட்டிட வேலையாட்களுக்கு விற்றார். குப்பை கொட்டும் நிலமொன்றை விலைபேசி, முற்பணமான ஐந்து டொலரைச் சில்லறையாகக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பலகாரம் விற்று மட்டும் ஒரு பாடசாலையை நடத்திவிட முடியாதுதான். குளிர்காலத்தைக் கழிக்க டேட்டோனாவுக்கு வரும் செல்வந்தர்களை அவர் தேடிப் போனார். ஆனால் வெறுமனே கைநீட்டவில்லை. புரொக்டர் அன்ட் கேம்பிள் சவர்க்காரக் கம்பனியின் ஜேம்ஸ் கேம்பிளிடம் அவர் கேட்டது, பாடசாலையின் நம்பிக்கைப் பொறுப்பாளராக வாருங்கள் என்பதையே. வந்து பார்த்தவர், பாடசாலை எங்கே என்று வியந்தாராம். அது என் மனதில் இருக்கிறது என்று பதில் வந்ததாம். கேம்பிள் பொறுப்பேற்றார். நன்கொடை கொடுத்தவர் கொடுத்த மறுநாளே மறந்துவிடலாம். பொறுப்பாளராகப் பெயர் கொடுத்தவருக்கு அது முடியாது. இந்த நுணுக்கத்தை அம்மையார் எந்த வர்த்தகக் கல்லூரியிலும் படித்தவரல்லர்!

1923இல் மற்றொரு கல்வி நிலையத்துடன் இணைந்த அப்பாடசாலை, பின்னர் கல்லூரியாகி, 2007இல் பெதியூன்-குக்மன் பல்கலைக்கழகமானது. அதே 1923இல் காப்புறுதிக் கம்பனி ஒன்றைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1936 முதல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கத்தில் இளைஞர் நிர்வாகத்துறையில் கறுப்பினத்தவருக்கான பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். 1955இல் காலமான அவரது அடக்கத்தலம், அன்று வாடகை வீட்டில் தொடங்கிய அந்தப் பாடசாலையின் வளாகத்திலேயே இருக்கிறது.