பாரிஸில் மூணு நாள்: அப்பாவின் முழங்காலும் என் எக்செல் ஷீட்டும்

அப்பாவுக்கு 71 வயசு. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தொகுதிகளை நூலகத்திலிருந்து எடுத்து எடுத்துப் படித்தவர். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் அவை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அதிகாரியாக இருந்த எதுவார் ஏரியல் அவற்றுக்கு ஒரு பிரதி எடுக்க வைத்தார். அந்தப் பிரதி இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. "அது இருக்கிற ஊரை ஒருதரம் பாத்துட்டு வரலாமாடா?" என்று அப்பா கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? எக்செல் ஷீட்டைத் திறந்தேன். மூணு நாளுக்கு 23 இடங்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல மாமா எங்க உட்காருவாரு?"

அந்த ஷீட்டை அழித்துவிட்டு, நம்மால் மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதினேன். உங்களுக்கும் உதவும் என்பதால் அதே வரிசையில் தருகிறேன்.

முதலில் விசா. பிரான்ஸ் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னாடியாவது கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறை சமயத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் இரண்டு, மூணு மாதம் முன்பே போவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபது தாண்டியவர்களுக்கு பிரீமியம் ஏறும், அதையும் பட்ஜெட்டில் போடுங்கள். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்தால் பொதுவாக 59 மாதத்துக்கு மறுபடி கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, கிழமை. லூவ்ருக்கும் ஆசியக் கலைக்கான கீமே அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சேவுக்கு திங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை என்று வைத்துக்கொண்டால் இரண்டு சிக்கலும் இல்லை.

மூணாவது, வெளிச்சம். பாரிஸில் டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு 10 வரை வெளிச்சம், ஆனால் கூட்டமும் விலையும் அதிகம். செப்டம்பர் நடுவில் சூரியன் மறைய 8 மணி ஆகும். எங்களுக்கு செப்டம்பர்.

நாலாவது, உண்மையான மணிக்கணக்கு. வியாழன் மதியம் இறங்கி ஞாயிறு மதியம் ஏறினால் 72 மணி நேரம். தூக்கத்துக்கு 24 போச்சு. விமான நிலையம் போக, வர, வரிசையில் நிற்க 8. (2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படம் எடுத்துப் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. வரிசை நீளலாம்.) சாப்பாடு, குளியலுக்கு 10. மிச்சம் 30. அப்பா ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆக, கையில் இருப்பது 15 மணி நேரம். 23 இடம் எங்கே, 15 மணி நேரம் எங்கே!

அஞ்சாவது, படிக்கட்டு. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். பாரிஸ் மெட்ரோ 1900-இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது; முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது 14-ஆம் லைனில் மட்டும்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு பேருந்துதான் சரி. கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னல் வழியே ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

தங்குவதற்கு லா ஷப்பேல் பகுதியைப் பிடித்தேன். விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்இஆர் பி ரயில் நிற்கிற கார் து நோர் நிலையம் பக்கத்திலேயே. ஈழத் தமிழர்களின் கடைகள் நிறைந்த இடம் என்பதால் அப்பாவுக்கு இட்லி பிரச்சினை இல்லை. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான்.

சரி, நாட்குறிப்பு? கைப்பிரதிகளைப் பார்க்க ஆராய்ச்சி அனுமதி, வாசகர் அட்டை, முன்கூட்டியே கோரிக்கை எல்லாம் வேண்டும். அந்தப் பிரதியைப் பார்க்க முடியாது என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டேன். இதை அப்பாவிடம் சொல்லத் தயங்கி இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. கைப்பிரதித் துறை இருப்பது நூலகத்தின் பழைய ரிஷ்லியூ கட்டடத்தில். 2022 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்தபோது, அங்குள்ள ஓவல் வாசிப்பு அறையைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அட்டை வேண்டாம். யார் வேண்டுமானாலும் போய் நாற்காலியில் உட்காரலாம்.

இப்போது ஷீட்டில் மூணே வரிசை. வெள்ளிக்கிழமை ரிஷ்லியூ. சனிக்கிழமை கீமே, அங்கே 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் நடராசர். வெளியே வந்தால் பக்கத்தில் ட்ரோகாதேரோ, அங்கிருந்தே ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிடலாம், ஏற வேண்டியதில்லை. மாலைகளில் லா ஷப்பேல். லூவ்ர் இல்லை. நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்பாவிடம் சொன்னேன்: "பிரதியைப் பார்க்க முடியாதுப்பா. அது இருக்கிற கட்டடத்துல உட்காரலாம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "எவ்வளவு நேரம் உட்கார விடுவாங்க?" என்று கேட்டார்.

மூடுகிற வரைக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை வரிசையில் வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.