இசையும் இடையறவும்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தே இடபதேவர் வரலாறு ஓவியமாக உள்ளது. அவர்தம் துறவுக்கு ஆதிபுராணம் கூறும் காரணம் இசை ஆராய்வார்க்கும் பயன்படுவது. அவைக்கண் ஆடிய நீலாஞ்சனை ஆட்டத்தினிடையே மாய்ந்தாள். சுவை கெடாவாறு இந்திரன் அவளையொத்த வேறொருத்தியை அக்கணமே நிறுத்தினான். பிறர் அறியாத அவ்விடையறவை இடபர் கண்டுகொண்டார்.

இந்திரன் மறைத்த இடையறவையே இசையாக்கியவர் அமெரிக்கரான ஜான் கேஜ். 1952-இல் அவர் படைப்பை அரங்கேற்றிய டேவிட் டியூடர், பியானோ முன் அமர்ந்து ஒரு சுரமும் வாசித்திலர். இதனை வேடிக்கை என்பார் உளர். கீதா சாராபாயிடம் கேஜ் இந்திய இசை பயின்றமையை அவர் மறந்தனர் போலும். எனினும், 4 நிமிடம் 33 நொடி என அளந்து மூன்று பகுதியாக வகுத்தமையின், கேஜ் ஒலியை விடுத்தாரேயன்றிக் காலக்கணக்கை விடுத்தாரல்லர் என்பதே எம் துணிபு. நம் தாளத்தில் வீச்சு என்னும் ஓசையிலாச் செய்கையும் இவ்வாறே எண்ணப்பெறுதல் ஈண்டு ஒப்புநோக்கத் தகும்.