எலி தின்ற ஃபில்டர்

கிளிப்புகளை நெம்பி, பெட்டியின் மூடியைத் தூக்கினார் நண்பர். உள்ளே ஏர் ஃபில்டர் இல்லை. அழுக்கான ஃபில்டர், கிழிந்த ஃபில்டர் என்றால் புரிந்துகொள்ளலாம். இது வெறும் பெட்டி.

அவர் இருப்பது கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம். கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த பகுதி. டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் காரின் நிறமே மாறிவிடும். அந்தப் புழுதிக்குப் பயந்துதான் திறந்து பார்த்தார். வாங்கிய நாள் முதல் அந்த வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

போனில் சர்வீஸ் அட்வைசர் பதறவே இல்லை. “எலி கடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கும் சார். இப்பல்லாம் நிறைய வண்டில வருது.” நேரில் போனபோது மேலாளர், “ஒண்ணு ரெண்டு வண்டி ஃபேக்டரிலேருந்தே அப்படி வந்துடும் சார்” என்றார். கிளம்பும் நேரத்தில் மூன்றாவதாக ஒன்று வந்தது: “வெளில யார்கிட்டயாவது காட்டினீங்களா சார்?”

மூன்று விளக்கங்களில் எதையும் நடக்கவே நடக்காது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம். அட்வைசரும் மேலாளரும் பேசுவதைக் கேட்டு முடிவுக்கு வருவதைவிட, இன்ஜினுக்குள் போன தூசியிடம் கேட்பது நல்லது. எந்த வழியாகப் போனோம், ஏறக்குறைய எப்போது போனோம் என்பதற்கான தடயத்தை அது விட்டுவைக்கிறது.

முதலில் நண்பரை உறுத்திய கேள்வி. ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டியில் ஏன் எந்த வித்தியாசமும் தெரியவில்லை? மைலேஜ் குறையவில்லை, பிக்-அப் குறையவில்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

இதற்கான விடை 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் செய்த சோதனையில் இருக்கிறது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டும் குறைந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய காரில்தான் மைலேஜ் 2 முதல் 6 சதவீதம் வரை அடிபட்டது. காரணம் எளிது. நகரத்தில் நிதானமாக ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜினின் த்ராட்டில் முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். காற்றைத் தடுக்கும் பெரிய கதவு அதுதான். அதற்கு முன்னால் ஃபில்டரின் தடை மிகச் சிறியது. உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கணினி கொடுத்துவிடுகிறது, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. ஃபில்டரை அடைத்தே மைலேஜ் மாறவில்லை என்றால், அதை எடுத்துவிட்டால் மட்டும் எப்படி மாறும்? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்று உறிஞ்சும் இரைச்சல் கொஞ்சம் கூடியிருக்கும். ஏ.சி.யும் பாட்டும் ஓடும் காருக்குள் அது யார் காதில் விழப்போகிறது?

ஆக, ஓட்டுகிறவருக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது. சேதமோ முதல் நாளே தொடங்கிவிடும்.

எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். நம் ஊர் வெப்பத்தில் கணக்கிட்டால் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 9,000 லிட்டருக்கு மேல் காற்றை இன்ஜின் இழுக்கிறது. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் 10,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது 60 லட்சம் லிட்டர் காற்றை, அதாவது 6,000 கன மீட்டரை இழுத்திருக்கும். பத்துக்குப் பத்து அறைகள் இருநூறுக்கு மேல் கொள்ளும் காற்று.

இந்தியத் தர அளவின்படி ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 10 எனப்படும் நுண்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவிலேயே இருந்தால் 10,000 கி.மீ.யில் இன்ஜினுக்குள் போவது வெறும் 0.6 கிராம். இதற்கா இத்தனை கவலை என்று தோன்றும். ஆனால் டிப்பருக்குப் பின்னால், பம்பர் உயரத்தில், தார் பெயர்ந்த சாலையில் இருக்கும் காற்று அந்தத் தர அளவுக்குள் அடங்குவதில்லை. பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம்: 6 கிராம். இரண்டு டீஸ்பூனைத் தாண்டாது. அந்த 6 கிராமும் 10 மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள்கள் என்றால், எண்ணிக்கை 400 கோடியைத் தாண்டும்.

குவார்ட்ஸ் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கருங்கல்லை உடைத்தால் வரும் தூளில் முக்கியமானவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. கண்ணாடி ஐந்தரை. சிலிண்டர் சுவரில் உள்ள வார்ப்பிரும்பு அதற்கும் கீழே. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலம்; தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான். படலத்தைவிட மிகச் சிறிய துகள் எதையும் தொடாமல் நழுவிவிடும். மிகப் பெரியதால் இடுக்குக்குள் நுழையவே முடியாது. படலத்தின் தடிமனை ஒட்டிய அளவில், ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரை இருப்பவைதான் வில்லன்கள். இரண்டு பக்கமும் உரசி, இரண்டையும் கீறும். இப்படிப்பட்ட துகளைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

உள்ளே போகும் தூசியில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும் என்பது உண்மைதான். சுவரில் இருக்கும் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும் மிச்சம் போதும். அது ரிங்குகளை அரைத்துவிட்டு ஆயிலோடு கீழே இறங்கி பேரிங்குகளுக்கும் போகிறது. ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும், ஆயில் மேலேறி எரியும், பின்னால் நீலப் புகை வரும். ‘வண்டி ஆயில் குடிக்குது’ என்று மெக்கானிக் சொல்லும் கட்டம் அது. டர்போ உள்ள டீசல் வண்டியில் இன்னொரு பலியும் உண்டு: நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரஸர் சக்கரத்தின் விளிம்புகளைத் தூசி அரித்துவிடும்.

ஃபில்டரே இல்லாமல் கார்கள் ஓடிய காலமும் உண்டு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டின் மாடல் டி காரில் ஏர் ஃபில்டரே கிடையாது. அந்தக் காலத்து இன்ஜின்கள் மெதுவாகச் சுழன்றன, அடிக்கடி பிரித்து மாட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் மூக்குக்குக் கீழே பெரிய மணல் ஃபில்டர் பொருத்தினார்கள். விமானத்தின் வேகம் குறைந்தது. எகிப்தின் அபூகிர் தளத்தில் இருந்த பராமரிப்புப் பிரிவு சிறிய ஃபில்டர் ஒன்றைத் தானே வடிவமைத்துக்கொண்டது. வேகத்துக்காக ஃபில்டரையே கைவிடாமல் அதைச் சிறிதாக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய காகித ஃபில்டரைப் பலரும் சல்லடை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அதன் துளைகள் பல, அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரியவை. காற்று இழைகளைச் சுற்றி வளைந்து போகும்போது கனமான துகளால் வளைய முடியாது. நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துகள்கள் இழையை உரசிச் சிக்கும். மிக நுண்ணியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் அங்குமிங்கும் அலைந்து இழையில் போய் மாட்டும். பிடிபட்ட தூசியே அடுத்து வரும் தூசிக்கு வலையாகிவிடும். அதனால் புத்தம் புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் அழுக்கேறிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும். இது தெரிந்தால், ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரைக் கழற்றி ஏர் கன்னால் பீய்ச்சி அடிக்கும் நம் ஊர் வழக்கத்தை யோசிக்காமல் இருக்க முடியாது. கிட்டத்தில் வைத்து அடித்தால் காகிதமே கிழியலாம்.

சரி, மூன்று விளக்கங்களுக்கு வருவோம்.

எலி. பானெட்டுக்குள் எலி குடியேறுவதும் ஒயரைக் கடிப்பதும் அன்றாடம் நடப்பவை. ஃபில்டர் காகிதம் கூடு கட்ட நல்ல பொருள்தான். ஆனால் ஃபில்டர் என்பது காகிதம் மட்டும் இல்லை. சுற்றிலும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் விளிம்பு இருக்கிறது. அந்தச் சட்டம் மொத்தமும் காற்று நுழையும் குழாய் வழியாக வெளியே போக முடியாது. எலி அதைத் துண்டு துண்டாக்கியிருந்தால் காகிதத் துணுக்கு, புழுக்கை, முடி, மூத்திர நாற்றம் எல்லாம் மிஞ்சும். பிளாஸ்டிக்கில் இரட்டைப் பல் தடம் இருக்கும். துணுக்குகளில் சில த்ராட்டில் வரை இழுக்கப்பட்டிருக்கும். நண்பரின் பெட்டியில் புழுதியைத் தவிர எதுவும் இல்லை. கிளிப்புகள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. ஃபில்டரை விளிம்போடு தூக்கிக்கொண்டு போய், கிளிப்பையும் மாட்டிவிட்டுப் போன எலியை நான் நம்பத் தயாராக இல்லை. எலிமீது பழி போடுவதில் ஒரு வசதி உண்டு: அது ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

தொழிற்சாலை. பெட்டிக்கு இரண்டு பாதி: காற்று நுழையும் அழுக்குப் பக்கம், ஃபில்டரைத் தாண்டிய சுத்தப் பக்கம். ஃபில்டர் முதலிலிருந்தே இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புழுதி படிந்திருக்க வேண்டும். விளிம்பு உட்காரும் பள்ளத்திலும் அதே புழுதி. சில காலம் இருந்துவிட்டுப் பிறகு காணாமல் போயிருந்தால், அழுக்குப் பக்கத்தில் தடித்த படிவு, சுத்தப் பக்கத்தில் மெல்லிய படிவு, பள்ளத்தில் விளிம்பு அழுத்தியிருந்த கோடு தெரியும். தவிர, மேலாளரின் வாதத்துக்கு அவருடைய ஆவணமே எதிரி. முந்தைய சர்வீஸ்களின் பட்டியலில் ‘ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது’ என்று டிக் அடித்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்தே வராத ஃபில்டரை எப்படிச் சுத்தம் செய்தார்கள்?

வெளியார். இதைப் பெட்டியைப் பார்த்து மறுக்க முடியாது. இங்கேதான் ஆயில் உதவும்.

1946-ல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலை நிறமாலைமானியில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது. எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்தால், பிரிக்காமலே எந்தப் பாகம் தேய்கிறதென்று சொல்லிவிடலாம். நம் ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இந்தச் சோதனை உண்டு. ஆயிலை மிக அதிக வெப்பத்தில் எரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளி உமிழும். சிலிக்கானுக்கு 251.6 நானோமீட்டர். சிலிக்கான் ஏறியிருந்தால் மண் போயிருக்கிறது என்று முதல் சந்தேகம். ஆனால் அது மட்டும் போதாது. கேஸ்கெட் ஒட்டும் பசையிலும், நுரை அடக்க ஆயிலில் சேர்க்கும் பொருளிலும் சிலிக்கான் இருக்கிறது; புது இன்ஜினில் அளவு கூடுதலாகவே காட்டும். மண் என்றால் அலுமினியமும் சேர்ந்து ஏறும். ரிங்கிலிருந்து குரோமியம், சிலிண்டரிலிருந்து இரும்பு ஏறும். பசை யாரையும் அரைப்பதில்லை. இந்தக் கருவிக்கு ஒரு குறையும் உண்டு: சுமார் 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை அது சரியாகப் பிடிப்பதில்லை. மிக மோசமான துகள்களில் பல அதன் கண்ணில் படாது. அவை விட்டுச் சென்ற இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

ஆயில் சொல்வது, கடைசியாக ஆயில் மாற்றியதற்குப் பிறகு நடந்ததை மட்டும். அதாவது கடைசி சர்வீஸுக்குப் பிறகு நடந்ததை. ஓடிய தூரத்துக்கு ஏற்ப சிலிக்கானும் இரும்பும் வெகுவாக ஏறியிருந்தால், அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஃபில்டர் இல்லாமல் கழிந்திருக்கிறது. நேற்று யாரோ வெளியில் எடுத்திருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது. எடுத்த கையின் பெயரை மட்டும் ஆயில் சொல்லாது. என் ஊகம் இதுதான்: ஏர் கன் அடிக்க ஒருவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், வேறொருவர் மூடியைப் பூட்டியிருப்பார். கெட்ட எண்ணம் ஏதும் தேவையில்லை, மாலை அவசரம் போதும்.

இப்படி நேர்ந்தவர்கள் அவசரப்பட்டுச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. “வண்டியை விட்டுட்டுப் போங்க சார், ஃபில்டரும் ஆயிலும் ஃப்ரீயா மாத்திடறோம்” என்றதும் சாவியைக் கொடுத்துவிடுவது. பழைய ஆயில் வடிந்தால் சாட்சியும் சாக்கடைக்குப் போய்விடும். அதற்கு முன் வெதுவெதுப்பான இன்ஜினிலிருந்து டிப்ஸ்டிக் குழாய் வழியாக 100 மில்லி ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொள்ள வேண்டும். துடைப்பதற்கு முன் பெட்டியின் இரண்டு பாதிகளையும் படம் எடுக்க வேண்டும். புது ஃபில்டர் மாட்டும் ஜாப் கார்டில் ‘பழையது இல்லை’ என்று எழுதி வாங்க வேண்டும். சர்வீஸ் சென்டர் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு ஆண்டுகளுக்குள்.

புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டபின், வழக்கத்தைவிடச் சீக்கிரம், 2,000 அல்லது 3,000 கி.மீ.யில் ஆயிலை மீண்டும் மாற்றி, அதிலும் மாதிரி எடுத்து அனுப்புவது நல்லது. அந்த அறிக்கையில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து இறங்கியிருந்தால் அரைப்பு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். சிலிக்கான் இறங்கி இரும்பு மட்டும் இறங்காமல் நின்றால், அடுத்தது கம்ப்ரஷன் சோதனை.