மஞ்சள் பையைச் சுமக்கும் கைகள்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நாம் நன்றி கூறினோம். நோயாளி பயன்படுத்திய முகக்கவசத்தையும் பஞ்சையும் அகற்றியவர்களை அவ்வளவாக நினைக்கவில்லை. மருத்துவமனைகளில் அப்பணியைச் செய்தோரில் பலர் பெண்கள். வீட்டிலோ அது மனைவியின், மகளின், மருமகளின் வேலையாகவே கருதப்பட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பகுதிகளில் பகலெல்லாம் காலணித் தொழிற்சாலையில் உழைத்துத் திரும்பும் பெண்ணுக்கும் இதில் விலக்கு இருக்கவில்லை.

வேலை ஒருவர்மேல் மட்டும் விழுந்தால், தொற்றும் ஆபத்தும் அவர்மேலேயே விழும். பாதுகாப்பு உடைகளும் பெரும்பாலும் ஆண்களின் உடலளவைக் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. அளவில் பெரிய கையுறை நழுவும். முகத்தில் பொருந்தாத கவசத்தின் இடுக்கு வழியே காற்று புகும். ஆகவே, அனைவர்க்கும் ஒரே அளவைத் தருவது சமத்துவமாகாது. அவரவர்க்குப் பொருந்துவதைத் தருவதே சமத்துவம்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்க்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, ஹெபடைடிஸ்-பி மற்றும் டெட்டனஸ் தடுப்பூசி ஆகியவற்றை வழங்குமாறு மருத்துவமனைகளைப் பணிக்கின்றன. அது எங்கள் கடமை. நோயாளிகளும் உடனிருப்போரும் செய்யக்கூடியவையும் உள்ளன.

வார்டில் இரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு உரியவை. குளுக்கோஸ் குழாய், கையுறை ஆகியன சிவப்புப் பைக்கும், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கும், மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கும் செல்லும். பழத்தோல், காகிதம், பிஸ்கட் உறை ஆகியவற்றைப் பொதுக் குப்பைத் தொட்டியிலேயே இடுங்கள். ஐயம் எழுந்தால் செவிலியரைக் கேளுங்கள்.

வீட்டில் இன்சுலின் செலுத்திக்கொள்வோர் ஊசியைக் குப்பைப் பையில் வீசலாகாது. மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மருத்துவமனைக்கு வரும்போது கேட்டு ஒப்படையுங்கள். பைக்குள் மறைந்திருக்கும் ஓர் ஊசி, அதைத் தூக்கும் பெண்ணின் விரலில் பாய்ந்தால், ஹெபடைடிஸ் முதலிய நோய்கள் தொற்றக்கூடும். சோதனை முடிவு வரும்வரை அவர் குடும்பமே கலங்கி நிற்கும்.

இறுதியாக, வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் கழிவை அகற்றும் பணியை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். கையுறை அணிவதும், பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவுவதும் எவரும் கற்கக்கூடியவையே. நோயாளியைக் காக்கும் கைகளையும் காப்போம்.