சிகப்பு ரோஜாக்கள்: கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் ஏன் பயமா இருக்கு?

எச்சரிக்கை: முழுக் கதையும் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

1978-ல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' பாரதிராஜாவின் மூன்றாவது படம். முந்தைய இரண்டும், '16 வயதினிலே'யும் 'கிழக்கே போகும் ரயி'லும், கிராமத்துக் கதைகள். இது நகரம், பங்களா, தொழிலதிபர். போன வாரம்தான் அரியாங்குப்பம் வீட்டில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். கூட இருந்த பெரியம்மா, வந்த புதுசிலேயே தியேட்டரில் பார்த்தவர்.

கமல் நடித்த திலீப் பெண்களைக் கொல்கிறவன். உடல்களைத் தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச் செடி வைக்கிறான். இது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சாரதாவுக்கு (ஸ்ரீதேவி) மட்டும் தெரியாது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) கொலைகாரன் யாரென்பதைக் கடைசிவரை ஒளித்து வைக்கும். இந்தப் படம் ஆளைக் காட்டிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியும் என்று நம்மைத் தவிக்க வைக்கிறது. அதனால்தான் காதல் காட்சிகளே பயமாக இருக்கின்றன. படத்தில் பாட்டு இரண்டே இரண்டு. அதில் 'நினைவோ ஒரு பறவை'யை ஜானகியோடு பாடியிருப்பது கமலே. வெளியே கேட்டால் அது இனிமையான டூயட். படத்துக்குள் அதே குரல், 'ஐயோ, போகாதேம்மா' என்று சொல்ல வைக்கிறது.

இதுவரை எனக்கு முழு சம்மதம். இடிக்கிற இடம் ஃபிளாஷ்பேக்.

சின்ன வயதில் ஒரு பெண் அவன்மேல் பொய்ப்பழி போடுகிறாள். அடி வாங்கித் துரத்தப்படுகிறான். அடைக்கலம் தந்த வீட்டில் மனைவி கணவனுக்குத் துரோகம் செய்ய, கணவன் அவளைக் கொல்கிறான். அந்த ஆளே இவனுக்கு வளர்ப்புத் தந்தை ஆகிறான். பின்னாளில் மகன் செய்யும் கொலைகளைப் படமாக ஓடவிட்டு ரசிப்பவனும் அவன்தான். வரிசையைக் கவனியுங்கள்: காரணம் என்று படம் காட்டுவது இரண்டு பெண்களை. கொலையைக் கற்றுக்கொடுத்த ஆண் ஓரமாக நிற்கிறான். 'சைக்கோ'விலும் பழி போய்ச் சேருவது அம்மாமேல்தான்.

ஃபிளாஷ்பேக் முடிந்ததும் பெரியம்மா, "பாவம்டா, அந்தப் பிள்ளையை அப்படி ஆக்கிட்டாளுங்க" என்றார்.

"செத்துப்போன பொண்ணுங்க பாவம் இல்லையா பெரியம்மா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அவளுங்க பேருகூட ஞாபகம் இல்லையேடா" என்றார்.

விஷயமே அதுதான் என்று நினைக்கிறேன். கொன்றவனுக்குப் பால்யம், காயம், காதல் எல்லாம் உண்டு. செத்தவர்களுக்குச் சில நிமிடம், அப்புறம் ஒரு செடி. முடிவில்கூடச் சிறையில் புத்தி பேதலித்துக் கிடக்கும் அவனுக்காகத்தான் நாம் வருந்த வேண்டியிருக்கிறது.

'ராட்சசன்' (2018), மிஷ்கினின் 'சைக்கோ' (2020) வரை நம் சினிமா இதே பாதையில்தான் நடக்கிறது: கொலைகாரனுக்கு ஒரு சோகமான சின்ன வயசு.

ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்பது தப்பில்லை. ஆனால் காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. அவமானப்பட்ட பையன்கள் ஊரில் எத்தனையோ பேர். அத்தனை பேரும் தோட்டத்தில் குழி தோண்டவில்லை.

படத்தைக் கட்டாயம் பாருங்க. பார்த்து முடிச்சதும், அந்த ரோஜாக்களுக்குக் கீழே இருக்கிறவங்களில் ஒருத்தி பேராவது ஞாபகம் இருக்கான்னு உங்களையே கேட்டுப் பாருங்க.