எல்லார்க்கும் திறக்கும் வலைப்பக்கம்

பள்ளி ஒன்றின் வலைத்தளத்தில் தேர்வுக் கால அட்டவணை படமாக வெளியிடப்படுகிறது எனக் கொள்வோம். கணினியில் காணும் மாணவர் அதனை எளிதாகப் படித்துவிடுகிறார். கைப்பேசியில் காண்பவருக்கோ எழுத்துகள் கடுகளவாகச் சுருங்கித் தெரிகின்றன. பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ள எழுத்தை ஒலியாக மாற்றித் தரும் திரைபடிப்பான், ‘படம்’ என்று மட்டும் கூறி நின்றுவிடுகிறது. செய்தி ஒன்றே, ஆயினும் அஃது அனைவரையும் சென்றடையவில்லை. இக்குறை நேராதவாறு பக்கங்களை அமைப்பதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட பொதுவிதிகளே வலைத்தரங்கள் ஆகும்.

வலையும் இணையமும்

இணையம், வலை ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாக வழங்குகிறோம். எனினும் அவை வேறுவேறானவை. கணினிகளைப் பிணைக்கும் கட்டமைப்பு இணையம். அதன்மீது இயங்கும் பக்கங்களின் தொகுதி வையவிரிவு வலை. பக்கங்களைச் சேமித்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினி சேவையகம் எனப்படும். அவற்றைப் பெற்றுத் திரையில் காட்டும் மென்பொருள் உலாவி எனப்படும்.

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டில் வலைக்கான முன்மொழிவை அளித்தார். பக்கத்தின் இருப்பிடத்தைச் சுட்டும் முகவரி, அதனைக் கேட்டுப் பெறும் நெறிமுறை, பக்கத்தை எழுதும் மீயுரைக் குறியிடு மொழி ஆகிய மூன்றும் வலையின் அடிப்படைகளாயின. 1993 ஏப்ரல் 30 அன்று, வலைத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது.

பொதுவிதியின் தேவை

வலை பரவியபோது உலாவி நிறுவனங்களிடையே போட்டி எழுந்தது. நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் தத்தம் உலாவிக்கெனத் தனிக்குறிகளைப் புகுத்தின. அதனால், ஓர் உலாவியில் செம்மையாகத் தெரிந்த பக்கம் மற்றொன்றில் சிதைந்து தோன்றியது. இத்தகைய பிளவினைத் தவிர்த்துப் பொதுத்தரங்களை வகுப்பதற்காக, 1994இல் பெர்னர்ஸ் லீ தோற்றுவித்த அமைப்பே வையவிரிவு வலைக் கூட்டமைப்பாகும்.

பொருளும் தோற்றமும்

திருக்குறளை ஓலையில் எழுதினாலும் தாளில் அச்சிட்டாலும் குறளின் பொருள் மாறுவதில்லை. வலைவடிவமைப்பின் முதன்மைக் கொள்கையும் இதுவே. பக்கத்தின் பொருளைக் குறியிடு மொழி சுட்டும். தோற்றத்தைப் பாணித்தாள் வகுக்கும்.

ஒரு தொடரைப் பெரிய தடித்த எழுத்தில் காட்டினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றும் அது, திரைபடிப்பானுக்கு மற்றுமொரு வரியே. ‘இது தலைப்பு’ எனக் குறியிட்டால்தான், கேட்பவர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பிற்குத் தாவிச் செல்ல இயலும். படம் உணர்த்தும் செய்தியைச் சொற்களில் தருவது மாற்றுரை. ‘இப்பக்கம் தமிழில் உள்ளது’ எனக் குறிப்பது மொழிக்குறிப்பு. அக்குறிப்பு இருந்தால், திரைபடிப்பான் தமிழ்க்குரலைத் தேர்ந்து படிக்க இயலும்.

பாணித்தாளை 1994இல் முன்மொழிந்தவர் நார்வே நாட்டின் ஹோகன் வியூம் லீ. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றை அது வகுக்கிறது. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்வது தகவமைவு வடிவமைப்பு எனப்படும்.

தமிழ் எழுத்தும் தரமும்

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. தொடக்கத்தில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களை வழங்கினர். அதனால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கட்டுரை பொருளற்ற குறிகளின் குவியலாகக் காட்சியளித்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி இச்சிக்கலைத் தீர்த்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. எக்கருவியிலும் அவ்வெண் ‘அ’கரத்தையே குறிக்கும். இன்று நாம் ஒரு தமிழ்ச்சொல்லைத் தட்டெழுதி வலையில் தேட முடிவதற்கும் இப்பொதுத்தரமே அடிப்படையாகும்.

அணுகல்தன்மை

உடற்குறையோ கருவியின் வேறுபாடோ தடையாகாதவாறு பக்கம் அனைவருக்கும் பயன்படும் இயல்பே அணுகல்தன்மை. இதற்கான வழிகாட்டு நெறிகளைக் கூட்டமைப்பு 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. பின்புலத்திற்கும் எழுத்திற்கும் போதிய நிறவேறுபாடு இருத்தல், சுட்டி இன்றி விசைப்பலகையால் மட்டுமே பக்கத்தை இயக்க முடிதல், காணொலிக்கு எழுத்துவடிவம் தருதல் போன்றவை அவற்றுள் அடங்கும்.

நாளை உங்களுள் சிலர் வலைப்பக்கம் வடிவமைப்பீர்கள். பலர் பள்ளி, ஊர், தொழில் சார்ந்த செய்திகளை வலையில் ஏற்றுவீர்கள். அப்பொழுது அழகை மட்டும் நோக்காது, இப்பக்கத்தைக் கண்ணால் காண இயலாதவர் கேட்டறிய முடியுமா, சிறிய திரையில் படிக்க முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். தரத்தைப் பேணுதல், நாம் அறியாத படிப்பவருக்கும் இடமளித்தலே ஆகும்.