வியன்னா மாநாட்டுக்குப் போகும் மருத்துவருக்கு

ஐரோப்பிய ரேடியாலஜி மாநாடு 1991 முதல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நடந்து வருகிறது. துறைக்காரர்கள் அதை ஈ.சி.ஆர். என்றே சொல்வார்கள். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் படங்களைப் பார்த்து நோய் கண்டறியும் மருத்துவர்கள், அந்தக் கருவிகளை இயக்குபவர்கள், மருத்துவ இயற்பியலாளர்கள், கருவி தயாரிக்கும் நிறுவனத்தார் என்று பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் கூடுகிற இடம் அது. பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரை 5 நாள் நடக்கும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதன்முறையாகப் போகிற மருத்துவருக்கு மாநாட்டு அரங்கில் பெரிய சிரமம் எதுவும் வராது. சிரமமெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்புதான். அதிலும் முக்கால் பங்கு விசாவில் இருக்கிறது.

ஆஸ்திரியா ஷெங்கன் நாடுகளில் ஒன்று. அந்த நாட்டுக்கென்று தனி விசா வேண்டியதில்லை, ஷெங்கன் விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் விதி உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாநாட்டுக்காக வியன்னாவில் 5 நாள், அப்புறம் குடும்பத்தோடு பாரிஸில் 8 நாள் என்று திட்டம் இருந்தால் விண்ணப்பம் போகவேண்டியது பிரான்சுக்கு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. இதைக் கவனிக்காமல் கொடுக்கும் விண்ணப்பத்தால் கட்டணமும் நாட்களும் வீணாகும்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. ஆனால் அந்தக் கெடுவை நம்பி இருப்பவர் மாநாட்டை நழுவவிடத் தயாராக இருப்பவர் என்றே கொள்ளவேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதற்கே சில வாரம் ஆகக்கூடும். பிப்ரவரிக் கடைசி மாநாட்டுக்கு நவம்பரில் வேலையைத் தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். குளோபல் மையத்திலேயே விண்ணப்பத்தையும் விரல்ரேகையையும் கொடுக்கலாம். முடிவெடுப்பது தூதரகம். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விரல்ரேகையை ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குச் செல்லும்.

காகிதங்களில் முதலாவது மாநாட்டின் அழைப்புக் கடிதம். பதிவுக் கட்டணம் செலுத்திய பிறகு கேட்டு வாங்கவேண்டிய கடிதம் இது. அதில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கவேண்டும். நம் ஊரில் இது பெரிய தலைவலி. மருத்துவக் கவுன்சில் பதிவில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் இருக்கும், கட்டுரைச் சுருக்கம் அனுப்பியபோது வேறொரு விதமாகப் பெயர் கொடுத்திருப்பார்கள். மூன்றும் மூன்று ஆளுடையவை போலத் தோன்றும். ஆகவே மாநாட்டு இணையப் பதிவில் முதல் நாளே பாஸ்போர்ட் பெயரைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைக்கலாம்.

மற்றவை எல்லோருக்கும் பொதுவானவை: பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் எல்லையை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகக் கூடியதாகவும், 2 வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்கவேண்டும், வங்கிக் கணக்கு அறிக்கை, ஓட்டல் முன்பதிவு, போகவர விமான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவையும் வேண்டும். வேலை பார்க்கும் மருத்துவமனையின் விடுப்புக் கடிதமும் கேட்பார்கள். அரசு மருத்துவர்கள் துறையின் தடையில்லாச் சான்று பெறவேண்டும். அந்தக் கோப்பு நகர எவ்வளவு நாள் ஆகும் என்பது அரசுப் பணியில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விசாவுக்கு முன்பே அதைக் கையில் எடுக்கவேண்டும்.

மாநாடு முடிந்து பக்கத்து நாடுகளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சுலோவாகியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. புடாபெஸ்ட், பிராக் நகரங்களுக்கும் நேரடி ரயில் உண்டு. மூன்றும் ஷெங்கனுக்குள் இருப்பதால் அதே விசாவில் போய்வரலாம். ஷெங்கனுக்கு வெளியே உள்ள லண்டனுக்குப் போய்விட்டு மறுபடி வியன்னா வழியாக ஊர் திரும்புவதானால் இருமுறை நுழையும் விசா கேட்டிருக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது குளிரை நினைவில் வைக்கவேண்டும். மார்ச் தொடக்கத்தில் வியன்னாவில் பகல் வெப்பம் 10 டிகிரியைத் தொட்டால் நல்ல நாள். இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். சில நாள் பனியும் பெய்யும். குளிரைவிடக் காற்றுதான் வாட்டும், குறிப்பாக டான்யூப் ஆற்றை ஒட்டிய மாநாட்டுப் பகுதியில். கனமான ஒரே கோட்டை நம்புவதைவிட உள்ளே பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத கோட்டு என்று அடுக்காகப் போட்டுக்கொள்வது வசதி. அரங்கத்துக்குள் வெப்பமூட்டி இருப்பதால் உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றத் தோன்றும். அதை வாங்கி வைக்கத் தனி இடம் இருக்கிறது. நடை அதிகம் என்பதால் புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். அங்கே மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது. ஐரோப்பிய இரண்டு முள் அடாப்டர் ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

உணவுப் பொருள் விஷயத்தில் பலரும் தெரியாமல் தவறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுவரத் தடை. நெய் பாட்டில், பனீர், பால்கோவா எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் அனுமதி இல்லை. இட்லிப் பொடிக்குத் தடை இல்லை. 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் சுங்கத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குத்தான் வெளிநாட்டு நோட்டு வாங்கமுடியும் என்பதால் அந்த நிலை வர வாய்ப்பில்லை. மீதிக்கு ஃபோரெக்ஸ் கார்டு போதும். சிறு ஓட்டல்களில் கொடுக்கக் கொஞ்சம் யூரோ நோட்டு கையில் இருக்கட்டும்.

விமானத்தில் துபாய், தோஹா வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை வியன்னாவில். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் அங்கேயே ஷெங்கனுக்குள் நுழைந்தாகிவிடும். ஆகவே இரண்டு விமானங்களுக்கும் இடையே நேரம் தாராளமாக இருக்கவேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிவதைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முகத்தைப் படமெடுப்பதால் வரிசை மெதுவாக நகரலாம். அழைப்புக் கடிதம், ஓட்டல் முன்பதிவு, காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கைப்பையில் இருக்கவேண்டும். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் 10 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அது உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாநாடு நடப்பது ஆஸ்திரியா சென்டர் வியன்னா என்ற அரங்கில். 1987இல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஐ.நா. அலுவலகங்கள் இருக்கும் வளாகம். சர்வதேச அணுசக்தி முகமையும் அங்கேதான் இயங்குகிறது. இரண்டுக்கும் உரிய மெட்ரோ நிலையம் கைசர்முயலன் வி.ஐ.சி.; நகரின் சிவப்பு வழித்தடமான யூ1இல் இருக்கிறது. இந்த ஒரு வழித்தடத்தை மனதில் வாங்கிக்கொண்டால் வியன்னாவில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஊரின் முதன்மை ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃப், பழைய நகரின் நடுவில் உள்ள ஸ்டீபன் தேவாலயம், பிராட்டர் பூங்காவை ஒட்டிய பிராட்டர்ஸ்டெர்ன், மாநாட்டு அரங்கம் எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. அந்தத் தேவாலயத்தருகே உள்ள ஸ்டீபன்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் ஏறினால் 10 நிமிடத்துக்குள் அரங்கம். வடக்கே போகும் வண்டியில் லியோபோல்டாவ் என்று எழுதியிருக்கும், அதில் ஏறவேண்டும். எதிர்த்திசை வண்டி ஓபர்லா போகும்.

ஓட்டல் தேடும்போதும் இதே கணக்குதான். மாநாட்டு வாரத்தில் அரங்கைச் சுற்றி வாடகை ஏறிவிடும். யூ1 நிலையம் எதற்காவது நடந்து போகும் தூரத்தில், கொஞ்சம் தள்ளியே இருந்தாலும் சல்லிசான அறை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். உறவினர் வீட்டில் 3 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் வந்த 3 நாளுக்குள் நகர அலுவலகத்தில் தங்குமிடத்தைப் பதிவு செய்யவேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே படிவம் கொடுத்து வேலையை முடித்துவிடுவார்கள்.

விமான நிலையம் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் ஷ்வெசாட்டில் இருக்கிறது. அங்கிருந்து ரெயில்ஜெட் விரைவு ரயில் 15 நிமிடத்தில் ஹாப்ட்பான்ஹோஃபில் கொண்டுவிடும். அங்கே யூ1இல் மாறினால் நேரே அரங்கம். விமான நிலையத்துக்கென்றே ஓடும் சி.ஏ.டி. ரயில் 16 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையம் சேரும். அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் அதிகம். மாநாட்டுக்குப் போகிறவருக்கு அது தேவைப்படாது. நகருக்குள் ஓடும் புறநகர் ரயில் தடத்தில் பெரிய புனரமைப்பு வேலை நடப்பதால், கிளம்புவதற்கு முன்பு ஆஸ்திரிய ரயில்வேயின் இணையதளத்தில் அன்றைய ஓட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் கிடையாது. யாரும் டிக்கெட் கேட்பதில்லை, நேரே பிளாட்பாரத்துக்கு இறங்கிவிடலாம். இங்கேதான் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. படிக்கட்டு அருகே உள்ள நீலப் பெட்டியில் அதை நுழைத்துத் தேதியும் நேரமும் பதியவைக்க வேண்டும். பதியாத டிக்கெட் செல்லாது. பரிசோதகர்கள் சாதாரண உடையில் பெட்டிக்குள் ஏறுவார்கள், அபராதம் 100 யூரோவைத் தாண்டும். 24 மணி நேர டிக்கெட்டை முதல் பயணத்தில் ஒரே ஒருமுறை பதிந்தால் போதும். இந்த நகர டிக்கெட்டுகள் விமான நிலையம் வரை செல்லாது. நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிக்குக் கூடுதல் டிக்கெட் எடுக்கவேண்டும். வார நாட்களில் நள்ளிரவைத் தாண்டியதும் மெட்ரோ நின்றுவிடும். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும்.

அந்தப் பருவத்தில் நம் நேரத்தைவிட வியன்னா நாலரை மணி பின்தங்கியிருக்கும். மாலை 7 மணிக்கே கண்ணைச் சொருகும், அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். உரை நிகழ்த்த வேண்டியவர்கள் ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேர்வது நல்லது. ஆய்வுச் சுவரொட்டிகள் 2003 முதல் இந்த மாநாட்டில் மின்னணு வடிவத்தில்தான் காட்டப்படுகின்றன. சுருட்டிய காகிதக் குழாயை விமானத்தில் சுமந்து போகும் பாடு இல்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு வியன்னா கடினமான ஊர் இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிடவேண்டிய ஊர். பார்வைக்குச் சைவமாகத் தெரியும் தெளிந்த சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த நீரில் செய்தது. தோசையைக் கீற்றாக நறுக்கிப் போட்டதுபோல் மேலே மிதப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி வேண்டாம், 'ஓனே ஐ' என்றால் முட்டை வேண்டாம். நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல், இந்திய உணவு எல்லாம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873லும் 1910லும் கட்டிமுடித்த இரு பெரும் குழாய்வழிகளில் அந்த நீர் நகருக்கு வருகிறது. தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண் செலவு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் மட்டுமே திறந்திருக்கும். மாநாடு முடிவதும் ஞாயிறு என்பதால் ஊருக்கு வாங்கவேண்டியதைச் சனி மாலைக்குள் முடித்துவிட வேண்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸுக்கு 144, எந்த அவசரத்துக்கும் 112. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்திருக்க வேண்டும். அங்கே ஆன்டிபயாடிக் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நம் நாட்டு மருத்துவர் எழுதிய சீட்டை அங்கே உள்ள மருந்துக் கடை ஏற்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

அரைநாள் ஓய்வு கிடைத்தால் மருத்துவருக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் கை கழுவச் சொல்லி 1847இல் தாய்மார்களின் உயிரைக் காத்த செம்மல்வைஸ் வேலை பார்த்தது இங்கேயுள்ள பொது மருத்துவமனையில். லேண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளை 1901இல் பிரித்துக் காட்டியதும் இந்த நகரில்தான். ராண்ட்ஜன் 1895 நவம்பரில் ஜெர்மனியில் கண்டுபிடித்த எக்ஸ்ரே பற்றிய செய்தியை, 1896 ஜனவரி 5 அன்று முதலில் அச்சிட்டது டீ பிரெஸ்ஸே என்ற வியன்னா நாளிதழ். அவர் வியன்னா இயற்பியலாளர் எக்ஸ்னருக்கு அனுப்பிய படங்களே அதற்குக் காரணம். ராணுவ மருத்துவர்களைப் பயிற்றுவிக்க இரண்டாம் ஜோசஃப் பேரரசர் 1785இல் தொடங்கிய ஜோசஃபினத்தில், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் செய்து வரவழைத்த மெழுகு உடல் மாதிரிகள் இன்றும் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. நரம்பும் நிணநாளமும் வண்ணம் பிரித்துக் காட்டப்பட்ட அந்த உருவங்களை, குறுக்குவெட்டுப் படங்களிலேயே உடலைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் ஒருவர் கட்டாயம் பார்க்கவேண்டும்.

திரும்பும் முன் வருகைச் சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்; அதில் உள்ள தொடர் மருத்துவக் கல்விப் புள்ளிகளை உள்ளூர் மருத்துவக் கவுன்சில் ஏற்கிறதா என்று முன்பே கேட்டு வைத்திருப்பது நல்லது. ஒரே கடையில் 75 யூரோவுக்கு மேல் வாங்கிய பொருளுக்கு விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். கடையில் அதற்கான படிவம் கேட்டு வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் பொருளைக் காட்டிச் சுங்கத்தின் ஒப்புதல் பெறவேண்டும். பொருளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. அதனால் சுங்க மேசைக்குப் போய்வந்த பிறகே பெட்டியைக் கொடுக்கவேண்டும்.